நிலாவரைக் கிட்டங்கி முத்துக்கனி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, சீமைக்குப் போகும் கப்பல்கள் தூத்துக்குடிப் பக்கம் மறுபடியும் தலைகாட்டத் தொடங்கிய வருஷம் அது. ஏற்றுமதி வியாபாரி தாணுலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கியில் நாற்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை, நிலாவரை இலை பொறுக்குவது.

நிலாவரை பேதிக்குக் கொடுக்கிற இலை. சுற்றுவட்டக் கிராமங்களில் விளைந்து, நிழலில் காய்ந்து, சாக்குச் சாக்காக வண்டியில் வந்து கிட்டங்கியில் இறங்கும். பெண்கள் அதைச் சுளகில் போட்டுப் புடைத்து, காம்பையும் காயையும் கருகலையும் நீக்கி, பெரிய இலை, நடு இலை, பொடி இலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பிரித்ததை இரும்புப் பிரஸ்ஸில் போட்டு அழுத்திச் சிப்பமாக்கி, சுற்றிலும் சாக்குத் தைத்து, மேலே பச்சை மையில் கிளி முத்திரை குத்தினால் சரக்கு தயார். சீமைத் துரைமார்களின் வயிறு இந்தக் கிட்டங்கியை நம்பித்தான் இருக்கிறது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. புதிதாக வேலைக்குச் சேருகிறவளை இலைத்தூசி முதல் மூன்று நாள் படாத பாடு படுத்தும். நாலாம் நாள் உடம்பு பழகிவிடும். அந்த மூன்று நாளும் மற்றவர்களுக்கு ஒரே சிரிப்பாணி.

முத்துக்கனிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. உடன்குடிக்குத் தெற்கே பனங்காட்டு ஊர் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள். புருஷன் சிவனணைந்தபெருமாள் சொந்தமாக மாட்டுவண்டி வைத்திருந்தான். கிட்டங்கிகளிலிருந்து கடற்கரைக்குச் சரக்கு அடிப்பது அவன் தொழில். இலை பொறுக்குவதில் முத்துக்கனியை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. நாற்பத்திரண்டு பேரை வரிசைப்படுத்தினால் இருபதாவதாகவோ இருபத்தைந்தாவதாகவோ வருவாள்.

கெட்டிக்காரி என்றால் அது சங்கரம்மாள்தான். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, பருந்துக் கண். ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்தே அது எந்த ஊர்க் காட்டில் விளைந்தது, பறித்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவாள். ஆனால் வாயைத் திறந்தால் கருக்கு மட்டைதான். அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டவள் இரண்டாவது சந்தேகம் கேட்கப் போகமாட்டாள்.

அதுவரை கங்காணியாக இருந்தவன் ஜீவமணி. மோசமான ஆள் இல்லை. தொண்டை மட்டும் பெரிது. காலையில் கிட்டங்கிக் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிறவரை அவன் சத்தம் ஓயாது. மாசி மாதம் கொழும்பிலிருந்து மைத்துனன் கடிதம் போட, அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். பத்து நாள் கிட்டங்கியில் கங்காணி கிடையாது.

பதினோராம் நாள் தாணுலிங்கம் தன் குமாஸ்தா பாஷ்யத்தைக் கூப்பிட்டார். பாஷ்யம் ஸ்ரீவைகுண்டத்து அய்யங்கார். கோயில் தெருவிலிருந்து வந்து இருபது வருஷமாக இந்தக் கிட்டங்கியில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சாமி'.

"சாமி, புதுக் கங்காணி பாக்கணும்லா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஆளு இருக்கானாம். அதட்டுனா மாடு கூட எந்திச்சு நிக்குமாம்."

பாஷ்யம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணாச்சி, பத்து நாளா அதட்டறதுக்கு ஆளே இல்லை. சிப்பம் குறைஞ்சுதா?"

"குறையலியே."

"ஏன் குறையலேன்னு நான் கவனிச்சுண்டே இருந்தேன். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேரே முத்துக்கனிகிட்டப் போறா."

"முத்துக்கனியா? அவளுக்கு இலை அம்புட்டுத் தெரியாதே."

"தெரியாதுதான். அவளும் அதைத்தான் சொல்றா. 'எனக்குத் தெரியலளா, வா, சங்கரம்மாக்காட்ட கேப்போம்'னு கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போறா. சங்கரம்மா வாய்க்கு வந்தபடி வைவா. அதை முத்துக்கனி வாங்கிக்கறா. வந்தவளுக்குப் பதில் கிடைச்சுடறது."

தாணுலிங்கம் நெடுநேரம் யோசித்தார். தூத்துக்குடியில் எந்தக் கிட்டங்கியிலும் பெண்பிள்ளை கங்காணியாக இருந்ததில்லை. மற்ற வியாபாரிகள் சிரிப்பார்கள் என்று தயங்கினார். கடைசியில், இந்த அறுவடை முடிகிறவரை பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்.

முத்துக்கனி செய்தியைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்ல இந்த மாட்டக்கூட நீ அதட்ட மாட்ட. அங்கன நாப்பத்தோரு பேர எப்பிடி அதட்டுவ?" என்றான்.

"ஜீவமணி அண்ணாச்சி செஞ்சதத்தான் செய்யணும். வேற என்ன."

அப்படியே செய்தாள். மறுநாள் காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டங்கி நடுவில் நின்று, "பேச்சக் கொறைங்க, கைய ஓட்டுங்க" என்று கத்தினாள். நாற்பத்தோரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. முத்துக்கனி இன்னும் சத்தமாகக் கத்தினாள். இரண்டு நாள் இப்படிக் கத்தியதில் மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இலைத்தூசியில் கத்திப் பழக ஜீவமணிக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

சத்தம் போட முடியாததால் அவள் ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் உட்கார்ந்து காதோடு பேச வேண்டியதாயிற்று. அப்படி உட்கார்ந்தபோதுதான், ஆறு வருஷமாக அதே கிட்டங்கியில் இருந்தும் தன் கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது. மேற்குச் சுவரோரம் உட்காருகிறவர்களுக்கு வெளிச்சமே இல்லை. காம்பு எது இலை எது என்று அவர்கள் தடவித்தான் பார்த்தார்கள். தேவகனி என்கிற திரேஸ்புரத்துக்காரி சுளகை மூக்குக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கண் மங்கல், அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தாள். தூளியில் பிள்ளை போட்டவர்கள் கதவுப்பக்கம் உட்கார்ந்திருக்க, தூளிகள் பிரஸ் பக்கம் தொங்கின. பிள்ளை அழும்போதெல்லாம் ஒருத்தி முப்பது பேரைத் தாண்டிப் போய் வந்தாள்.

தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் முத்துக்கனி எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு முடித்திருந்தாள்: "இங்கன உனக்கு எது கஷ்டமா இருக்கு?"

கங்காணி கேட்கிற கேள்வியா இது என்று முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். தேவகனி மட்டும் அழுதுவிட்டாள். "கண்ணு தெரியலைன்னு சொன்னா நிறுத்திருவாவ, எக்கா."

"கண்ணு தெரியலைன்னா என்ன, ஒன் கை ரெண்டும் ஒலக்க மாதிரி இருக்குலா. நாளைக்கு நீ சல்லடைக்கு வா."

பெரிய சல்லடையை இரண்டு பேர் பிடித்து ஆட்டவேண்டும். தேவகனி ஒற்றை ஆளாக ஆட்டினாள். தூளிகளைக் கதவுப்பக்கம் மாற்றிக் கட்டினார்கள். மேற்குச் சுவரில் பலகை அடித்து மூடியிருந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லி முத்துக்கனி முதலாளியிடம் போய் நின்றாள். திருட்டுப் பயம் என்று அவர் மறுத்தார். "கம்பி வச்சிருங்க அண்ணாச்சி. வெளிச்சம் உள்ள வரும், திருடன் வரமாட்டான்" என்றாள். இரண்டு நாளில் கம்பி வந்தது. மேற்குச் சுவர்ப் பெண்கள் தாங்கள் பொறுக்கிய இலையைப் பகல் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்து, "இவ்வளவு கருகலா போயிருக்கு நம்ம கையில" என்று அதிசயப்பட்டார்கள்.

சங்கரம்மாளிடம்தான் அவளுக்குத் தயக்கம். நியாயமாகப் பார்த்தால் கங்காணி வேலை சங்கரம்மாளுக்கு வரவேண்டியது என்று முத்துக்கனியே நினைத்தாள். அவளைப் பிரஸ் பக்கத்தில் உட்கார வைத்து, பிரஸ்ஸுக்குப் போகிற ஒவ்வொரு பெட்டி இலையையும் கடைசியாகப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டாள்.

"கங்காணி நீ. கடைசில பாக்கது நானா? நல்லா இருக்குளா நியாயம்" என்றாள் சங்கரம்மாள். ஆனாலும் போய் உட்கார்ந்தாள். கருகல் இலை கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. அன்று முதல் முத்துக்கனியிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சுப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் பாஷ்யம் கையில் தந்தியோடு ஓடிவந்தார். ஒரு மாதம் கழித்து வருவதாக இருந்த கப்பல் பதினெட்டு நாளில் வருகிறது, நூற்றியெண்பது சிப்பம் வேண்டும் என்று ஏஜெண்டு தெரிவித்திருந்தார். யுத்தத்துக்குப் பிறகு தாணுலிங்கத்துக்குக் கிடைத்த முதல் பெரிய ஏற்றுமதி. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் வீட்டம்மா வடிவம்மாள் சொன்னாள்.

கிட்டங்கி பம்பரமாகச் சுழன்றது. ஒரு நாள் மத்தியானம் எதிர்பாராமல் கோடை மழை ஒன்று கொட்டியது. சாத்தான்குளத்திலிருந்து வந்துகொண்டிருந்த நாலு வண்டி இலை வழியில் நனைந்துவிட்டது. முற்றத்தில் ஒரு நாள் விரித்துப் போட்டார்கள். பார்வைக்குக் காய்ந்துவிட்டது. பிரஸ்ஸுக்குக் கொண்டுவந்தபோது சங்கரம்மாள் பெட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தாள்.

"ஏளா, இது காயல. நரம்புக்குள்ள ஈரம் நிக்கி. இன்னும் ரெண்டு நாள் விரி."

"ரெண்டு நாளா? அதுவரைக்கும் கப்பல் நமக்காக நிக்குமாக்கா? காஞ்சுதான இருக்கு, போடச் சொல்லுங்க."

"சொல்லுதத சொல்லிட்டேன்" என்று சங்கரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இலை பிரஸ்ஸுக்குள் போயிற்று. முப்பத்திரண்டு சிப்பம்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. முதல் வண்டிச் சரக்கை ஏற்றிப் போக சிவனணைந்தபெருமாள் காலையிலேயே வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். எதை முதலில் ஏற்றுவது என்று பார்க்க முத்துக்கனி சிப்ப அடுக்குக்கு இடையே நடந்தாள். ஒரு சிப்பத்தில் கை பட்டது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. பக்கத்துச் சிப்பத்தைத் தொட்டாள், அதுவும் சூடு. முகர்ந்து பார்த்தாள். நனைந்த புகையிலை வாசம் வந்தது. ஊசியால் தையலைப் பிரித்துக் கையை விட்டு இழுத்தாள். விரலோடு வந்த இலை கன்னங்கரேலென்று இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிவனணைந்தபெருமாள் உள்ளே வந்தான். இலையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "திரும்பத் தச்சிரு. சீமைக்குப் போய்ச் சேர மூணு மாசம் ஆவும். அங்கன எவன் கண்டான்?"

"அங்கன எவனோ ஒருத்தன் தின்பான்லா" என்றாள் முத்துக்கனி. கருத்த இலையைக் கீழே உதறிவிட்டு, "இங்கன சங்கரம்மாக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்" என்றாள்.

முதலாளியையும் பாஷ்யத்தையும் கிட்டங்கிக்குள் வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். கைவேலையை நிறுத்தச் சொன்னாள். இப்போது அவள் கத்தவில்லை. ஆனால் சுளகுச் சத்தம் நின்ற கிட்டங்கியில் அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"முப்பத்திரண்டு சிப்பம் கெட்டுப் போச்சு. மழையில நனஞ்ச இலை. ஈரம் இருக்குன்னு சங்கரம்மாக்கா சொன்னாவ, நான்தான் கேக்கல. கப்பல் போயிருமேன்னு அவசரப்பட்டுட்டேன். இதுல வேற ஒருத்தருக்கும் பங்கு இல்ல. அண்ணாச்சி, என்னய நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அந்த அஞ்சு நாளும் என்கூட நில்லுங்கன்னு இவியகிட்ட கேக்கேன்."

தாணுலிங்கத்தின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரஸ் பக்கத்திலிருந்து சங்கரம்மாள் எழுந்து வந்தாள். பிரித்த சிப்பத்தின் முன்னால் குத்தவைத்து, உள்ளே கையைவிட்டு இலையை அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

"நிறுத்துதது பொறவு பாத்துக்கிடலாம், அண்ணாச்சி" என்றாள். "எல்லாம் கெடல. நடுவுலதான் கருத்திருக்கு, ஓரத்துல நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே பிரிச்சு ஆத்துனா பாதிக்கு மேல தேறும்." பிறகு மற்றவர்களைப் பார்த்து, "என்னளா பாத்துட்டு நிக்கிய? ஊசிய எடுங்க" என்றாள்.

முத்துக்கனிக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். பிரித்த இலையை எங்கே விரிப்பது என்பதுதான் முதல் கேள்வி. முற்றம் போதாது. பக்கத்துப் பஞ்சுக் கிட்டங்கி மொட்டைமாடி இருக்கிறது, ஆனால் நேர் வெயில் பட்டால் இலை பழுத்து நிறம் போய்விடும். நிழல் வேண்டும், காற்றும் வேண்டும்.

"ஆளாளுக்குத் தோணுதத சொல்லுங்க" என்றாள் முத்துக்கனி. "கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லுங்க."

தேவகனி சல்லடையைக் கீழே வைத்தாள். "எங்க தெருவுல இஞ்ஞாசி தண்டல் இருக்காரு. தோணிக்குப் பழைய பாயி அஞ்சாறு வச்சிருக்காரு. அத மாடியில பந்தல் மாதிரி கட்டுனா?"

தண்டல் என்றால் தோணியை நடத்துகிற தலைவர். இஞ்ஞாசி தண்டலின் தோணிதான் கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு கொண்டு போவது. தேவகனி போய்க் கேட்ட ஒரு மணி நேரத்தில், தோணிப் பாய்கள் ஆறு மடித்துச் சுமந்தபடி அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். பஞ்சுக் கிட்டங்கிக்காரருக்கும் தாணுலிங்கத்துக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாஷ்யம் போய் என்ன சொன்னாரோ தெரியவில்லை, மாடிச் சாவியோடு திரும்பினார். கெட்ட இலைக்கு ஈடாக நல்ல இலை கொண்டுவரச் சிவனணைந்தபெருமாள் இன்னொரு வண்டியையும் சேர்த்துக்கொண்டு சாத்தான்குளத்துக்கு மாட்டை ஓட்டினான். "எவன் கண்டான்னு சொன்ன வாய்க்கு இந்தத் தண்டனை வேணும்" என்று தானே சொல்லிக்கொண்டு போனான்.

அந்த ஐந்து நாளையும் அந்தப் பெண்கள் பல வருஷம் பேசினார்கள். மாடியில் பழுப்பு நிறப் பாய்கள் கச்சான் காற்றில் புடைத்து அடிக்க, கீழே இலை விரித்து, பத்துப் பத்துப் பேராக நின்று கிளறிவிட்டார்கள். தெருவில் போகிறவர்கள் மாடியில் தோணி ஓடுகிறதா என்று நின்று பார்த்தார்கள். மத்தியானமானால் வடிவம்மாள் அண்டா நிறையப் பானகம் கரைத்து அனுப்பினாள். பிள்ளைகளைத் தூளியோடு மாடிக்குக் கொண்டுபோய்ப் பாய் கட்டிய கயிற்றிலேயே தொங்கவிட்டார்கள். கடல் காற்றில் அதுகள் அழாமல் தூங்கின. சங்கரம்மாள் மாடிக்கும் பிரஸ்ஸுக்கும் ஏறி இறங்கி, ஒவ்வொரு குவியலிலும் கையை விட்டுப் பார்த்து, "இது சரி, இது நாளைக்கு, இது குப்பைக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லுக்கு முத்துக்கனி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சங்கரம்மாள் தன் வெற்றிலையில் பாதியைக் கிள்ளி அவளிடம் நீட்டினாள். முத்துக்கனி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் உச்சிப் பொழுதில் நூற்றியெண்பதாவது சிப்பத்தில் கிளி முத்திரை விழுந்தது.

தாணுலிங்கம் கிட்டங்கிக்குள் வந்து நின்றார். கங்காணியை நிறுத்துகிற பேச்சே அவருக்கு மறந்துபோயிருந்தது. "துணிக்குக் கன்ட்ரோல், சீனிக்குக் கன்ட்ரோல், காசு குடுத்தாலும் கெடைக்கல. உங்களுக்கு என்ன செய்யதுன்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு, முத்துக்கனி. என்ன வேணும்?"

"கேட்டுட்டுச் சொல்லுதேன், அண்ணாச்சி" என்றாள் அவள்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒருத்தி சேலை என்றாள், ஒருத்தி கருப்பட்டி என்றாள், திருச்செந்தூருக்கு ஒரு நடை என்றாள் இன்னொருத்தி. சளசளவென்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. ஓரத்தில் இருந்த தேவகனி சொன்னாள்: "எனக்குக் கப்பலப் பாக்கணும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை. கப்பல் ஐந்தாறு மைலுக்கு அப்பால்தான் நங்கூரம் போடும். கரையில் நின்று பார்த்தால் ஒரு கரிக்கோடு.

"ஒங்களுக்காவது கோடு தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. கிட்டப் போனா தெரியும்லா" என்றாள் தேவகனி.

சங்கரம்மாள், "இருபத்தஞ்சு வருசமா சிப்பம் கட்டுதேன். அது எதுல ஏறுதுன்னு நானும் பாத்ததில்ல" என்றாள். அதோடு முடிவாகிவிட்டது.

நாற்பது பெண்பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் அனுப்புவதா, ஊர் என்ன சொல்லும் என்று தாணுலிங்கம் இழுத்தார். அப்போது கணக்கறைக் கதவுக்குப் பின்னால் நின்ற வடிவம்மாள், "நானும் வாரேன்" என்றாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை.

மறுத்தவர் இஞ்ஞாசி தண்டல்தான். "பொம்பளையாளுவள தோணியில ஏத்துற வழக்கம் எங்களுக்கு இல்ல" என்றார்.

தேவகனி விடவில்லை. "பாயி குடுத்தீரு, தோணி குடுக்க மாட்டீரோ? ஒம்ம பாயிக்குக் கீழ அஞ்சு நாள் நாங்கதான் நின்னோம். பாயி ஒண்ணும் கிழியலியே."

தண்டல் தாடையைச் சொறிந்தார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். "சரி, மாதா காக்கட்டும். ஏறுங்க. ஆனா வாந்தி எடுத்தா காத்துக்கு எதிர எடுக்கக்கூடாது" என்றார்.

மறுநாள் விடிந்ததும் தோணி புறப்பட்டது. நடுவில் சிப்பம், சுற்றிலும் பெண்கள். வடிவம்மாள் பட்டுச்சேலையும் மூக்குத்தியுமாக ஒரு சிப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, எலுமிச்சங்காயை எல்லோருக்கும் நறுக்கிக் கொடுத்தாள். பாஷ்யமும் வந்தார். ஏறியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பெருமாள் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கரை தேய்ந்து, மாதாகோவில் கோபுரம் விரல் உயரமாகி, முயல்தீவு பின்னால் போயிற்று. அலை தூக்கிப் போட்டபோது முதலில் படுத்தவள் சங்கரம்மாள். முத்துக்கனி அவள் தலையை மடியில் வைத்து எலுமிச்சையை மூக்கில் பிடித்தாள்.

"வையிறதுக்குக்கூட வாய் வரலளா" என்று முனகினாள் சங்கரம்மாள்.

"தேக்கி வையிங்கக்கா. கரைக்குப் போய் மொத்தமா வாங்கிக்கிடுதேன்" என்றாள் முத்துக்கனி. சங்கரம்மாளுக்கு வாந்திக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கப்பல் வந்தது. அதாவது, இவர்கள்தான் போனார்கள், ஆனால் எல்லோருக்கும் அது எழும்பி எழும்பித் தங்களைப் பார்த்து வருவது போலத்தான் இருந்தது. கறுத்த இரும்புச் சுவர், துருப்பிடித்த ஆணிகள், மேலே அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மனிதத் தலைகள். தோணி அதன் நிழலுக்குள் நுழைந்ததும் வெயில் போய்க் குளிர்ந்தது. தேவகனி கையை நீட்டினாள். தண்டல் தோணியைக் கவனமாக நெருக்கிக் கொடுத்தார். அவள் உள்ளங்கையை அந்த இரும்பில் பதித்து, "தெரியுது எக்கா, நல்லாத் தெரியுது" என்றாள்.

மேலேயிருந்து கயிற்றுவலை இறங்கியது. முதல் எட்டுச் சிப்பத்தை அதில் அடுக்கினார்கள். மேலே ஏதோ இயந்திரம் கடகடவென்று இழுக்க, வலை தோணியை விட்டு எழும்பி, சுழன்று சுழன்று ஆகாயத்தில் ஏறியது. ஒவ்வொரு சுற்றிலும் பச்சைக் கிளி ஒரு தடவை முகம் காட்டியது.

"ஏளா, அந்தா நம்ம கிளி" என்றாள் யாரோ.

சங்கரம்மாள் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி கலைந்து, முகம் வெளுத்து, வலையையே பார்த்தாள். திடீரென்று நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். கல்யாண வீட்டில், கோயில் கொடையில் கேட்கிற அதே குலவை. முத்துக்கனி சேர்ந்துகொண்டாள். வடிவம்மாள் சேர்ந்தாள். நாற்பத்து மூன்று பெண்களின் குலவை கப்பலின் இரும்பில் பட்டு எதிரொலித்தது. மேலே தலைகள் பெருகின. மாலுமிகள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்து குனிந்து பார்த்தார், உள்ளே போனார். சற்று நேரத்தில் கப்பல் சங்கு ஊதியது. நெஞ்சுக்கூடு அதிர்கிற சத்தம். பாஷ்யம் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக மறுபடி குலவையிட்டார்கள். கப்பல் மறுபடியும் ஊதியது.

அன்று சாயங்காலம் தூத்துக்குடி முழுக்க இதுதான் பேச்சு. சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்த வருஷம் இன்னும் இரண்டு கிட்டங்கிகளில் பெண்கள் கங்காணியானார்கள். அவர்களில் ஒருத்தி முத்துக்கனியிடம் வந்து, எப்படி வேலை வாங்குவது என்று கேட்டாள். முத்துக்கனிக்குச் சொல்லத் தெரியவில்லை. "பக்கத்துல போய் உக்காரு, பொறவு தானா தெரியும்" என்றாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் முத்துக்கனியை விஷக்காய்ச்சல் பிடித்தது. ஐந்து வாரம் பாயோடு கிடந்தாள். அந்த ஐந்து வாரமும் அவளுக்குக் கிட்டங்கி நினைப்புத்தான். தான் இல்லாமல் என்ன கூத்து நடக்கிறதோ, யார் யாரோடு சண்டையோ, எத்தனை சிப்பம் நின்றுபோயிற்றோ என்று புலம்பினாள். பார்க்க வந்தவர்கள், "நீ உடம்பப் பாரு" என்று சொன்னார்களே தவிர வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கவலை இன்னும் கூடிற்று.

எழுந்து நடக்க முடிந்த முதல் நாள், சிவனணைந்தபெருமாள் அவளை வண்டியிலேயே கூட்டி வந்து கிட்டங்கி வாசலில் இறக்கினான். கதவருகே நின்று உள்ளே பார்த்தாள். சுளகுகள் சீராக ஏறி இறங்கின. வாசலை யாரும் பார்க்கவில்லை. சங்கரம்மாள் வரிசைக்கு நடுவே குத்தவைத்து ஒருத்தியிடம், "மூதி, முதுகு வலிக்குன்னா வாயத் தொறந்து சொல்லணும்லா. நான் என்ன குறி சொல்லுதவளா? எந்திரி, அந்தத் தூணுல சாஞ்சு உக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிரஸ் பக்கத்தில், கடைசியாகப் பெட்டியைப் பார்க்கிற இடத்தில், வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அடுக்கில் சிப்பம் நிறைந்திருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

முத்துக்கனி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஐந்து வாரமாகத் தன்னைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தவள் அவள்.

கதவோரம் இருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், முத்துக்கனியைப் பார்த்ததே இல்லை. மெலிந்து, தலைமுடி கொட்டி, கம்பூன்றி நிற்கிறவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு கேட்டாள்.

"வேலை கேட்டு வந்தீயளாக்கா? பயப்படாதீய. இங்கன நல்லவியதான். வந்து பக்கத்துல உக்காருங்க, உங்களுக்கு என்ன முடியுமோ அதப் பாத்துக் குடுப்பாவ."

முத்துக்கனி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பெண் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து சிரித்தாள். சத்தம் கேட்டுச் சங்கரம்மாள் திரும்ப, "முத்துக்கனிளா" என்று ஒரு குரல் எழும்ப, நாற்பது சுளகும் ஒரே சமயத்தில் கீழே விழுந்தன.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த சிவனணைந்தபெருமாள், "ஒன்னயத் தேடுனாவளா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் முத்துக்கனி, வண்டியில் ஏறிக்கொண்டே. "ஒருத்தியும் தேடல." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இன்னும் முழுசாக விடவில்லையோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.